நேந்திரம்பழமும் நானூறு கிலோமீட்டரும்

"உங்க ஓட்டம் முடிஞ்சுது. அட்டையைக் குடுங்க."

ஜிஸ்மிக்கு முதலில் புரியவேயில்லை. குற்றிப்புறம் பாலத்துக்கு இந்தப் பக்கம், டீக்கடை வாசலில் ஒரு மடக்கு மேஜை. மேஜை மேல் ஒரு சீல், ஒரு சிவப்புப் பேனா. அதற்குப் பின்னால்... இரண்டு கண்கள். மழையில் கழுவி எடுத்த மாதிரி பளிச்சென்ற கண்கள். இப்படிப்பட்ட கண்களை வைத்துக்கொண்டு ஒருத்தன் இப்படியும் பேசுவானா?

"முடிஞ்சுதா? இப்பதானே அம்பத்தெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சிருக்கேன்! இன்னும் முந்நூத்து நாப்பத்திரண்டு பாக்கி இருக்கு சாரே!"

"எடப்பாள்ல ஒரு வெள்ளை ஆம்னி நின்னுது. அதுலேர்ந்து ஒருத்தர் இறங்கி உங்க கையில பழம் குடுத்தார். நான் பின்னாடி பைக்ல வந்துட்டிருந்தேன்."

"அது எங்க அப்பச்சன்!"

"அப்பச்சனா இருந்தாலும் வெளி ஆள்தான். சீல் குத்துற கன்ட்ரோல் மேஜைகிட்ட யாரும் எதுவும் குடுக்கலாம். நடுவழியில, உங்ககூட ஓட்டுறவங்க மட்டும் உதவலாம். வெளி ஆள் கூடாது. திருச்சூர்ல கிளம்புறப்பவே படிச்சுக் காட்டினோமே."

"ஒரு நேந்திரம்பழம்... அதையும் பாதிதான் தின்னேன்!"

"பாதிப் பழத்துக்குப் பாதிச் சட்டம் இல்லீங்க."

அட்டையின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது. கோடு கொஞ்சம் கோணலாக விழுந்ததை ஜிஸ்மி பார்க்கவில்லை. அவள் அப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழக்கூடாது, இந்தக் கல்நெஞ்சன் முன்னால் மட்டும் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அழுதாள்.

ஆம்னி வந்து நின்றது. ஜிஸ்மியின் அப்பா லோனப்பன் ஃப்ளாஸ்கும் கையுமாக இறங்கினார். "என்ன மோளே, நின்னுட்டே? டீ குடிக்கிறியா?"

அவள் சைக்கிளை ஆம்னியில் ஏற்றினாள். ஒல்லூர் வீட்டு வாசல் வந்ததும் தானே இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

லோனப்பனைக் குறை சொல்லி என்ன செய்ய? அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மகள் பள்ளிக்குப் போனால் வாசலில் நிற்பார். கல்லூரிக்குப் போனால் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். இருபத்தேழு வயதில், மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற மகள் ஆபீஸ் விட்டு வெளியே வந்தாலும் அங்கே வெள்ளை ஆம்னி நிற்கும். அன்புதான்... யார் இல்லை என்றது? ஆனால் எங்கே போனாலும் ஒருத்தர் காத்திருக்கிறார் என்றால், தனியாக எங்கேயும் போனதே இல்லை என்றுதானே அர்த்தம்?

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை, ஒரு ராத்திரி முழுக்கத் தன் காலை மட்டும் நம்பிப் போய்த் திரும்ப வேண்டும். அதற்குத்தான் இந்த நானூறு. இருநூறும் முந்நூறும் பகலோடு பகலாக முடித்துவிட்டாள். நானூறில்தான் ராத்திரி வருகிறது. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திருச்சூரில் கிளம்பி, தலைச்சேரி தாண்டித் திரும்பி, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். இருபத்தேழு மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் வந்ததாகக் கணக்கில்லை. இந்த வருஷத்துக்கு இனி ஒரே ஒரு நானூறு பாக்கி, ஆகஸ்ட் கடைசியில்.

"முடிப்பேன்," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்குள்ளே அந்த இரண்டு கண்கள் வந்து தொலைத்தன. சீ!

மறுநாள் காலை நாலு மணிக்கே எழுந்தாள். அதற்கடுத்த நாளும். பீச்சி அணை ரோட்டில் ஏற்றம் ஏறினாள். ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும் என்று படித்தாள். சைக்கிள் மேல் இருந்தபடியே அவல் உருண்டை தின்னப் பழகினாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் பத்தே நிமிஷம் தூங்கி, அலாரம் அடித்ததும் துள்ளி எழுந்து ஓட்டினாள். ஒருநாள் ஒரு நாய் துரத்தியது. அன்றைக்குத்தான் அவளுடைய அதிக வேகம்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு காலை. பீச்சி ரோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, கொட்டுகிற மழையில் பின் டயர் புஸ்ஸென்று படுத்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போராடும்போது, தலைக்கு மேல் மழை நின்றது. நிமிர்ந்தாள். ஒரு குடை. குடைக்குக் கீழே... அதே கண்கள்!

"நீங்களா?"

"அக்கா வீடு இங்கதான். பால் வாங்க வந்தேன்." கையில் பால் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். "ஷின்டோ. திருச்சூர்ல கண்ணாடிக் கடை. தள்ளுங்க, நான் போட்டுத் தர்றேன்."

"தொடாதீங்க! நீங்க வெளி ஆள்."

"இது பயிற்சிதானே?"

"எனக்கு இதுதான் ஓட்டம். குடையையும் எடுங்க. குடையும் வெளி உதவிதான் சாரே!"

ஷின்டோ ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். அப்புறம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்றான். மழை அவன் தலையில் தாராளமாகக் கொட்டியது.

"நீங்க ஏன் நனையறீங்க?"

"நனையறதுக்குச் சட்டத்துல தடை இல்ல."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா? புது டியூப் போட்டு, காற்றடித்து, ஏறி, பத்து மீட்டர் போனாள். புஸ்...

ஷின்டோ உதட்டைக் கடித்துக்கொண்டான். சொல்லத் துடிக்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க!"

மறுபடி கழற்றினாள். யோசித்தாள். டியூப் புதுசு... அப்படியென்றால் குத்தினது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது! உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டினாள். சுருக்கென்றது. லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பித்துண்டு, தலைமுடி தடிமன்தான். பல்லால் கடித்து இழுத்தாள். எல்லாம் முடிய ஐம்பத்திரண்டு நிமிஷம். நிமிர்ந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு, கையில் இன்னும் அந்தப் பால் பாக்கெட். அவள் நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் பால் வாங்கிக்கொண்டு நின்றான். அதற்கடுத்த ஞாயிறும்.

"உங்க அக்கா வீட்டுல எத்தனை பேரு? பால்லயே குளிக்கிறாங்களா?"

"பசும்பால். உடம்புக்கு நல்லது."

அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் பஞ்சர் ஆகாத டயரையே கழற்றி டியூப் மாற்றிப் பழகுவாள். நாற்பது நிமிஷம், இருபத்தாறு, பதினேழு... கடைசியில் பதினொன்று. நடுவில் பேச்சும் வளர்ந்தது. அவனும் முன்பு ஓட்டினவன்தான். கடை வந்ததும் சைக்கிளைப் பரணில் போட்டுவிட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். அவளும் அப்பச்சனைப் பற்றிச் சொன்னாள்.

"ராத்திரி ஆம்னி பின்னால வரும், இல்லேன்னா போக வேண்டாம்னு சொல்லிட்டார்."

"நான் வீட்டுக்கு வந்து பேசட்டுமா, ஜிஸ்மி?"

அவள் முகம் மாறிவிட்டது. "எனக்குப் பதிலா யாராவது ஒருத்தர் பேசிட்டே இருக்கணுமா? ஸ்கூல்ல அப்பச்சன், ஆபீஸ்ல அப்பச்சன், இப்ப நீங்களா? என் அப்பச்சன்கிட்ட நான் பேசிக்கறேன். இதுல நீங்க வெளி ஆள்தான்!"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கூர் என்று தெரிந்தது. ஷின்டோ குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்... இல்லை. ரோடு முழுக்க மழைதான் பெய்தது. போகட்டும், எனக்கென்ன என்று ஏற்றம் ஏறினாள். ஏறி முடித்ததும் திரும்பிப் பார்த்தாள். எனக்கென்னவாம்!

அன்று சாயங்காலமே லோனப்பன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"முப்பத்தொரு வருஷம் அந்த ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்டியிருக்கேன் மோளே," என்றார் அவர். "எத்தனை பேரை இந்தக் கையால தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா? வீட்டுல படுத்தா தூக்கம் வருமா எனக்கு?"

"வராது அப்பச்சா. அதனாலதான் வீட்டுல படுக்க வேண்டாம்கறேன். குற்றிப்புறம் மேஜைக்கு ஆள் தேடறாங்க. அந்த ரோடு தெரிஞ்ச ஆள் வேணும். எனக்காக மட்டுமில்ல... ஓட்டுற நாப்பத்தியோரு பேருக்கும். ஆனா வண்டி மேஜைப் பக்கத்துலயே நிக்கும். என் பின்னால வராது."

லோனப்பன் வெகு நேரம் ஆம்னியின் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். "சீல் நான்தான் குத்தணுமா?" என்று கடைசியில் கேட்டார்.

ஷின்டோவுக்குச் செய்தி அனுப்பினாள்: 'மேஜைக்கு ஒரு ஆள் இருக்கார்.' பதில் வந்தது: 'சட்டம் தெரிஞ்சவரா?' அவள் அனுப்பினாள்: 'சட்டத்தால அடிபட்டவர்.' அப்புறம் ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசிச் சனி சாயங்காலம், திருச்சூரில் கிளம்பும் இடம். ஷின்டோ விளக்குகளைச் சோதித்தான், உதிரி விளக்கைச் சோதித்தான், மின்னும் சட்டையைச் சோதித்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "போங்க," என்றான்.

குற்றிப்புறத்தில் லோனப்பன் கண்ணாடியை மூக்கில் இறக்கி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு?"

"அப்பச்சா!"

"பேரு சொல்லாம சீல் குத்தக்கூடாதுன்னு எழுதியிருக்கு மோளே."

கோழிக்கோடு தாண்டி ஊரெல்லாம் அடங்கிய பிறகு, அவளும் அவள் விளக்கு வெளிச்சமும் மட்டும்தான். பயந்தாளா? பயந்தாள். லாரி ஒவ்வொன்றும் காதோரம் உறுமிக்கொண்டு போகும்போது பயந்தாள். ஆனால் கால் நிற்கவில்லை. ஒரு பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் தூங்கினாள். தலைச்சேரி தாண்டிக் கடற்கரையில் விடிந்தபோது, தன்னை யாருமே பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் எதிர்காற்று. மழை. வெய்யில். மறுபடி மழை. குற்றிப்புறத்தை மேஜை மூட எட்டு நிமிஷம் இருக்கையில் தொட்டாள். எடப்பாளில், ஜூனில் அந்தப் பழம் வாங்கின அதே வளைவில், பின் டயர் போயிற்று.

மேஜையை மடக்கிக்கொண்டு வீடு திரும்பிய ஆம்னி, அவளைப் பார்த்ததும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. லோனப்பன் இறங்கினார். ஒரு அடி எடுத்து வைத்தார். அப்புறம், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோர்த்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் உனக்காக நிக்கல!" என்று மழையில் கத்தினார். "வண்டி சூடாயிடுச்சு!"

ஜிஸ்மி டயருக்குள் விரலை ஓட்டினாள். கம்பித்துண்டைக் கண்டுபிடித்தாள். டியூப் மாற்றினாள். காற்றடித்தாள். பதினொரு நிமிஷம். ஏறி மிதிக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்பச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆம்னி பின்னால் வரவில்லை. கடைசி வரை வரவேயில்லை.

குன்னங்குளம் தாண்டி முட்டி வலித்தது. முதுகு வலித்தது. மழை பேயாய்ப் பெய்தது. 'முடிப்பேன்... முடிப்பேன்...' ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'முடிப்பேன்'.

திருச்சூர். ஏழு மணி ஐம்பத்தொரு நிமிஷம்.

மேஜைக்குப் பின்னால் ஷின்டோ. எழுதிய நேரம் கோணலாக விழுந்தது. இந்தத் தடவை ஜிஸ்மி பார்த்துவிட்டாள். சீலைக் குத்தினான். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு நேந்திரம்பழத்தை எடுத்து நீட்டினான். காலையிலிருந்து வைத்திருந்ததில் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

"இங்க வாங்கலாம்... மேஜைகிட்டதான் நிக்கறீங்க."

வாங்கினாள். "ரெண்டு ஞாயிறு எங்க போயிருந்தீங்க? அக்கா வீட்டுல பால் வேண்டாமா?"

"பரண்லேர்ந்து சைக்கிளை இறக்கினேன். வாழானிப் பக்கம் ஓட்டிப் பாத்தேன். அக்டோபர்ல அறுநூறு இருக்கில்ல... பேர் குடுத்துட்டேன். இன்னியோட மேஜை வேலையை விட்டுடறேன்."

"எதுக்கு?"

ஷின்டோ பேனாவை மூடி வைத்தான். கூட்டம், மழை, மேஜை எல்லாம் இருந்தது. அவன் அவளை மட்டும் பார்த்தான். "நீங்க என்னை வெளி ஆள்னு சொன்னீங்க. சரிதான். வெளி ஆளா ரோட்டோரத்துல நின்னு பாத்துட்டே இருக்க என்னால முடியல, ஜிஸ்மி. கூட ஓட்டுற ஆளா வரணும். அறுநூறுக்கு மட்டுமில்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தச் சிவப்புக் கோடு போட்ட அன்னிக்கே."

"அன்னிக்கா? மூக்கு ஒழுக அழுதுட்டு நின்னேனே!"

"அந்த மூக்கையும் சேர்த்துத்தான்."

அவள் பழத்தை உரித்தாள். பாதியைப் பிட்டு அவனிடம் நீட்டினாள். தனியாகப் போய்த் திரும்ப முடியும் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் கூட ஒருத்தன் வந்தால், அது அவளே வேண்டும் என்று கேட்டு வந்ததாகத்தான் இருக்கும்.

"ஒண்ணு சொல்லிடறேன். எனக்குப் பஞ்சர் ஆனா, நான்தான் போடுவேன்."

"சரி. அப்ப நான்?"

மழைத்தண்ணீர் இமையிலிருந்து சொட்டச் சொட்ட அவனைப் பார்த்துச் சிரித்தாள் ஜிஸ்மி. இத்தனை நாளில் முதல் தடவையாக 'சாரே' போய், மனசுக்குப் பிடித்தவனைக் கூப்பிடுகிற வார்த்தை வந்தது.

"நீங்க குடை பிடிங்க... சேட்டா."