யார் போட்ட ஒன்பது

புதன்கிழமை காலை 10.20. கடையிலிருந்து நான் திரும்பியபோது என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். வீடியோ கேம் கன்ட்ரோலர் மடியில் கிடந்தது. டிவிக்குள் ஒரு மனிதன் ஆற்றங்கரையில் நமக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தான். டிவியை மட்டும் அணைத்தேன். அதன் கீழே இருந்த கேம் பெட்டியை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் அவர் பக்கத்து அறையில் விளையாடினார், நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

மாரடைப்பு என்றார் டாக்டர். அதில் மர்மம் ஒன்றுமில்லை. மர்மம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தது.

அவர் ஒரு பத்திரிகைக்கு வீடியோ கேம்களை விமர்சித்து எழுதுபவர். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். கடைசியாக அவர் கையில் இருந்தது 'உப்பு ஆறு' என்ற கேம். வியாழக்கிழமை வெளியானது. வெளியாவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு டிஸ்க் அனுப்பியிருந்தார்கள். அவர் அதைப் போட்ட நாளிலிருந்து முனகிக்கொண்டே இருந்தார். "பாதி வெந்ததைத் தட்டுல வச்சிருக்கானுங்க. மிச்சத்தை நாளைக்கு வேகவச்சுத் தர்றோம்ங்கறானுங்க."

சனிக்கிழமை அந்த விமர்சனம் பத்திரிகையின் இணையதளத்தில் அவர் பெயரில் வெளிவந்தது. மதிப்பெண் ஒன்பது.

ஞாயிறு காலைக்குள் கீழே நானூறு கருத்துகள். டிஸ்க் வாங்கியவர்கள் பாதியில் மாட்டிக்கொண்டு கொதித்துப்போயிருந்தார்கள். 'செத்தவனைப் பத்திப் பேசக் கூடாதுதான், ஆனா எவ்வளவு வாங்கினான்?' என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அவர் ஒரு பேனாகூட யாரிடமும் இனாமாக வாங்கியதில்லை. அவரிடம் இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டார்கள்.

பத்திரிகையில் பிழை திருத்தும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவருக்கு அவள்மேல் பயம் கலந்த மரியாதை. 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்வார்.

திங்கள் காலை பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அக்கா, இது அவர் எழுதினது இல்லைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"நாலுக்கு மேல போட்டிருக்க மாட்டாரு."

"நாலுன்னு சொன்னாரா?"

"முனகினாரே."

"முனகுறது வேற. சரி விடுங்க. கட்டுரை என்னைக்கு ஆபீசுக்குப் போச்சு?"

ஆசிரியரிடம் போனிலேயே விசாரித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சனிக்கிழமை காலையில 11.05க்கு அவர் மெயில்ல இருந்து வந்துச்சு," என்றார் ஆசிரியர். "அண்ணிதான் அனுப்பிவச்சாங்கன்னு நினைச்சேன்."

"புதன்கிழமை செத்தவர் சனிக்கிழமை மெயில் அனுப்புறார். என் கண்ணுல காட்டாம ஏன் போட்டீங்க?"

"போனவரோட எழுத்து. அதுல போய் கமா வைக்க மனசு வரலம்மா."

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"அண்ணி வீட்டுலதான். பதினொரு மணிக்குப் போனேன், இருபது நிமிஷத்துல கிளம்பிட்டேன். அந்தக் கேம் கம்பெனியோட விளம்பர அதிகாரியும் பூ வாங்கிட்டு வந்திருந்தாங்க. ஏன், என்னைச் சந்தேகப்படுறியா?"

"எல்லாரையும்தான். அந்தம்மா செவ்வாய்க்கிழமை ஏதோ லெட்டர் அனுப்பினாங்களாமே?"

"ஆமா. விமர்சகர் எல்லாருக்கும், எனக்கும் வந்துச்சு. மூணாவது அத்தியாயம் முடியுற இடத்துல படகு வரணும். டிஸ்க்ல அது வரவே வராது. ஆள் கரையிலயே நிப்பான், கேம் அதுக்கு மேல நகராது. வெளியாகுற அன்னைக்கு நெட் வழியா அப்டேட் விட்டுச் சரிபண்ணிடுவோம், மார்க் போடும்போது பெரிய மனசு பண்ணுங்கன்னு ஒரே கெஞ்சல்."

போனை வைத்துவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தது யார் யார் என்று என்னிடம் கேட்டாள். கடவுச்சொல் திரை ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கலாம். அந்த விளம்பர அதிகாரி கை கழுவ அந்தப் பக்கம் போனது நினைவுக்கு வந்தது. சொன்னேன். எனக்கு அவள்தான் என்று தோன்றிவிட்டது. கையில் பூவும் மனதில் ஒன்பதும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

என் மகன் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தான். வெளியூரில் வேலை. புதன்கிழமை மாலை வந்தவன். வியாழக்கிழமை மதியம் தகனமெல்லாம் முடிந்ததும் தன் லேப்டாப்போடு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெள்ளி இரவு வரை சாப்பிட மட்டும் வெளியே வந்தான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் அறைக்குள் போன பூதக்கண்ணாடி அவர் நாற்காலியில் உட்காரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிவியைப் போட்டாள். அந்த மனிதன் அதே கரையில் நின்றான். ஓரத்தில் கடைசியாகப் பதிவான நேரம்: புதன், 9.52.

"இந்தப் பெட்டிக்கு நெட் இருக்கா?"

"வயரைப் பிடுங்கி வச்சிருப்பாரு. டிஸ்க்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்குன்னு சொல்லுவாரு. நெட் இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதே காசு குடுத்துத்தானே வாங்குது."

அவள் கால் மணி நேரம் அந்தக் கரையில் அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை. பிறகு வெளியான விமர்சனத்தின் பிரதியை எடுத்து ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

'மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் படகு நடு ஆற்றுக்கு வரும்போது மழை பிடித்துக்கொள்கிறது. துடுப்புச் சத்தம் மெல்ல அடங்குகிறது. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.'

"நல்ல வரி," என்றாள். "ஆனா உங்க வீட்டுக்காரர் அந்தப் படகைப் பார்க்கவே இல்லக்கா. அப்டேட் வந்தது வியாழக்கிழமை. அவர் போனது புதன்கிழமை."

"அப்போ அந்தப் பொம்பளைதானே? அவளுக்குத்தானே படகைப் பத்தித் தெரியும்!"

"தெரியும். அதனாலதான் அவங்க இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டிஸ்க்ல படகு வராதுன்னு தெரிஞ்சவங்க, அவர் பேர்ல பொய்யா எழுதும்போது படகுப் பக்கமே போக மாட்டாங்க. அந்தம்மாவுக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். படகு எல்லாருக்கும் வரும்னு நம்புன ஒருத்தர்தான் இதை இவ்வளவு ஆசையா எழுத முடியும். சரிபண்ணின கேமை மட்டும் விளையாடினவர். மூணு அத்தியாயத்துக்கு எப்படியும் பதினோரு மணி நேரம் வேணும். இந்த வீட்டுல இருபது நிமிஷம் இருந்துட்டுப் போனவங்களை விடுங்க."

காபி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றான் மகன்.

"தம்பி," என்றாள் அவள், திரும்பாமலே. "உங்க லேப்டாப்புல கேமை எப்ப இறக்கினீங்க?"

அவன் டம்ளர்களைத் தரையில் வைத்தான்.

"வியாழக்கிழமை சாயங்காலம்க்கா."

யாரைப் பிடித்துத் தெருவில் நிறுத்த வேண்டும் என்று இரண்டு நாளாகத் துடித்தேனோ, அவன் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா ரெண்டாவது அத்தியாயம் வரைக்கும் எழுதி வச்சிருந்தாரும்மா. அதுக்கு மேல என்ன எழுதியிருப்பாருன்னு பார்க்கத்தான் விளையாடினேன். போன வருஷம் ஒரு கேமுக்கு மூணு போட்டதுக்கு எத்தனை பேர் அவரைக் காறித் துப்பினாங்க? வீட்டு அட்ரஸ்கூடப் போட்டாங்க. கடைசிக் கட்டுரைக்காவது யாரும் திட்டக் கூடாதுன்னு நினைச்சேன்."

"அதுக்காக ஒன்பதா?"

"எனக்கு நல்லாதாம்மா இருந்துச்சு. படகு வந்துச்சு, மழை பெஞ்சுச்சு. பொய்யா போடல. ஒரு நாள்ல சரியாகிற தப்புக்கு ஆயுசு முழுக்க நாலுன்னு நிக்கிறது மட்டும் நியாயமா?"

"நெட் இல்லாம டிஸ்க் வாங்கினவனுக்கு அது நாலுதானேடா. அவனுக்குப் படகு வரலயே."

"எனக்கு அது தெரியாதும்மா. அந்த லெட்டரை நான் பார்க்கல. அவர் பெட்டியையும் தொடல. தொட முடியல." அவன் டிவியைப் பார்த்தான். "இவ்வளவு நேரம் இங்கேயேவா நின்னுட்டு இருந்தாரு?"

பூதக்கண்ணாடி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவர் எப்போதும் முதல் பாதியை முடித்ததும் அவளுக்கு அனுப்பிவிடுவார், அவள் திருத்துவதற்குள் மறுபாதியை எழுதுவார். செவ்வாய்க்கிழமை வந்த பாதி அது. மேலே மதிப்பெண்ணுக்கான கட்டம் இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

"நீங்க நாலுங்கறீங்க. தம்பி ஒன்பதுங்கறார்," என்றாள் அவள். "அவர் எதுவுமே சொல்லலக்கா. வரிசையா மூணு பத்தி கேமைப் புகழ்ந்திருக்கார், ரெண்டு பத்தி திட்டியிருக்கார். எவ்வளவு போட்டிருப்பாருன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. என்னாலயும் முடியாதது ஒண்ணு இருக்கு."

அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். அவர் எழுதிய கேம் விமர்சனத்தை நான் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. நாலு என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். அது நான் போட்ட நாலு.

மதியம் இரண்டு மணிக்கு ஆசிரியரோடு பேசினோம். பாதி விமர்சனம், மதிப்பெண் இல்லாமல், அப்படியே போட வேண்டும் என்றேன்.

"மார்க் இல்லாம யாரு அண்ணி படிப்பாங்க?"

"நான் படிச்சேன்."

திருத்தக் குறிப்பை மகனே எழுதினான், தன் பெயரைப் போட்டு. சனிக்கிழமை வந்த விமர்சனத்தின் கடைசிப் பகுதியும் மதிப்பெண்ணும் தன்னுடையவை, அப்பாவுக்கு அதில் பங்கில்லை என்று. அவன் அலுவலகத்தில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்றாள் பூதக்கண்ணாடி. சிரிக்கட்டும் என்றான். அவள் இரண்டு எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினாள்.

நான்கு மணிக்கு வெளியானது. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 4.06க்கு முதல் கருத்து வந்தது. திட்டு இல்லை. யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: 'அப்போ உங்க அப்பா உண்மையில எவ்வளவு போட்டிருப்பார்?'

மகன் விசைப்பலகையில் விரலை வைத்தான். எதையோ அடித்தான், அழித்தான். கடைசியில் பதில் அனுப்பினான்.

'தெரியாது. எந்த கேமைப் பத்தியும் நான் அவர்கிட்ட கேட்டதே இல்லை.'