சிரிக்கிற வரைக்கும் நிறுத்தாதே

படத்தின் இரண்டாம் பாகத்தையும் சுகுமாறன் அதே தோட்டத்தில்தான் எடுத்தார்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் இரண்டு வேன்களும் புக்கிட் ரோத்தான் சாலையை விட்டு செம்பனை எண்ணெய் மரங்களுக்குள் திரும்பின. தோட்டத்து ஆட்கள் விட்டுப்போன வரிசை வீடுகள், லயம். கூரைத் தகரங்கள் பாதி சரிந்து கிடந்தன. முன் வேனில் பட்டாளத்து உடுப்பு போட்ட பத்துப் பேர் மரத் துப்பாக்கிகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். பின் வேனில் நானும், நான் தைத்த நான்கு தோல்களும்.

தோல் என்று நாங்கள் சொல்வது மிருக உடுப்பை. மெத்தைக்குப் போடும் ஸ்பான்ச்சின் மேல் கறுப்பு ரப்பரை ஒட்டித் தைத்தது. தலையும் அதோடு சேர்ந்தே இருக்கும். ஜிப் முதுகில், போட்டவர் தானாகக் கழற்ற முடியாது. உள்ளே இருந்து கத்தினாலும் வெளியே முனகல்தான் கேட்கும்.

என் பெயர் ரமணி. புக்கிட் ரோத்தானில் தையல் கடை வைத்திருக்கிறேன். முதல் பாகத்தில் ஒரே ஒரு மிருகம். அந்தத் தோலைப் போட்டது என் கணவர் புனிதன். ஐந்து வருடத்துக்கு முன், இதே தோட்டத்தின் பெரிய கால்வாயில், அந்தத் தோலுக்குள்ளேயே அவர் செத்தார்.

கடைசிக் காட்சியில் மிருகம் ஈட்டி பட்டு கால்வாயில் விழ வேண்டும். விழுந்தார். ஸ்பான்ச் தண்ணீரைக் குடித்தது.

எங்கள் படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புப் பதிவான பிறகுதான் கேமராவை நிறுத்துவார்கள். சிரிக்காமல் விட்டால் நடித்த சாவு ஒட்டிக்கொள்ளும் என்று பயம். புனிதன் எப்போதும் விளையாட்டுக்காரர். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுகிறார் என்று எல்லாரும் சிரித்தபடி கரையில் காத்திருந்தார்கள். நான், முன்பு தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகைக்குள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சிரிப்பு நின்ற பிறகுதான் ஓடி வந்தேன்.

உள்ளே இருப்பவர் குரல் கேட்காது என்பதால் ஒரு சைகை வைத்திருந்தோம். மூச்சு முட்டினால் இரண்டு கையாலும் உச்சந்தலையில் தட்ட வேண்டும். அது புனிதனுக்கும் எனக்கும், கேமராவைப் பிடித்திருந்த சுகுமாறனுக்கும் மட்டும் தெரியும். போலீசில் சுகுமாறன் சொன்னார்: அவர் தட்டவே இல்லை.

தட்டினாரா, இல்லையா? ஐந்து வருடமாக நான் அந்த ஒரு கேள்வியோடுதான் சோறு தின்றேன். இரண்டாம் பாகத்துக்குத் தோல் தைக்கச் சுகுமாறன் என் கடைப்படி ஏறியபோது, அதனால்தான் சரி என்றேன். பதிலை அவர் வாயால் வாங்க வேண்டும். எல்லார் முன்னாலும் அவரைச் சொல்ல வைக்க வேண்டும்.

எங்கள் இருவரைத் தவிர, முதல் பாகத்தில் வேலை செய்த யாரும் திரும்பி வரவில்லை. எல்லாம் புது ஆட்கள்.

"மொத பாகத்துல ஒண்ணு. இதுல நாலு. பட்டாளமே வந்து மாட்டிக்குது. பயம் நாலு மடங்கு இருக்கும்," என்றார் சுகுமாறன், வேனை விட்டு இறங்கியதும்.

"நாலு இருந்தா பயம் வராதுண்ணே. பூப்பந்து ஆட ஆளு சரியா இருக்கும்லா," என்றான் பாலன். ரவாங்கில் தொழிற்சாலை வேலை; இங்கே பட்டாளத்துத் தலைவன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் துப்பாக்கியின் முனை அப்போதே உடைந்திருந்தது.

நான் சுகுமாறனைத் தனியாக அழைத்தேன். "அண்ணே, தலையில தட்டுறத இவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

"வேணாம் ரமணி. சொன்னா ஏன்னு கேப்பானுங்க. அப்புறம் எவன் தோலப் போடுவான்?"

பகலில்தான் எடுத்தோம். கேமராவில் நீலம் கூட்டி இரவாக்கிவிடுவார்கள். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு அது தேவையே இல்லை. நடுப்பகலிலும் செம்பனை மட்டைகளுக்குக் கீழே வெளிச்சம் பச்சையாகக் கலங்கி நின்றது. அழுகிய பழக்குலைகளின் புளித்த வாடை. காற்றில்லை. எங்கோ ஒரு மட்டை முறிந்து விழும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

முதல் நாள் மதியம், கம்பியில் தொங்கிய தோல்களில் ஒன்று ஈரமாக இருந்தது. வெளியே அல்ல, உள்ளே. பிழிந்தபோது கறுப்புத் தண்ணீர் வந்தது. கால்வாய்ச் சேற்றின் வாடை.

மழை பெய்து இரண்டு வாரமாகியிருந்தது.

இரண்டாம் நாள், நான்கு மிருகங்கள் பட்டாளத்தைத் துரத்தும் காட்சி. எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். கேமராக்காரன் தனேஷ் பாதியில் நிறுத்தினான்.

"டைரக்டர், பின்னால ஒண்ணு நிக்குது. ஓடாம."

"நாலு பேருல ஒருத்தனா இருக்கும்."

"நாலும் முன்னால ஓடுது. எண்ணிப் பாருங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே ஐந்தாவது மிருகம். தோலில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளும் மெதுவாக உயர்ந்தன.

உச்சந்தலையில் தட்டின.

சுகுமாறன் முகம் சாம்பலாகிவிட்டது. "அழிச்சிரு," என்றார். மறுபடியும் சொன்னார். "அழிச்சிருலா!"

மூன்றாம் நாள் கால்வாய்க் காட்சி. தோல் போட வேண்டியவனுக்குக் காய்ச்சல். மற்ற மூவரும் தண்ணீரில் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சுகுமாறன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குள் வந்தார்.

"நானே எறங்குறேன். போட்டு விடு."

கால்களை நுழைத்தார். கைகளை நுழைத்தார். நான் ஜிப்பைப் பிடித்து முதுகின் பாதி வரை இழுத்தேன். நிறுத்தினேன்.

"அண்ணே. அன்னிக்கி அவரு தட்டுனாரா?"

அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"தட்டுனான்," என்றார் மெதுவாக.

"நீங்க பாத்தீங்களா?"

"கேமராவுல பாத்தேன். ஷாட்டு அவ்ளோ நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு ரமணி. இன்னும் அஞ்சு செகண்ட்தான்னு நெனச்சேன். நான் அவனக் கொல்லணும்னு நெனைக்கல."

வெளியே பட்டாளம் எதற்கோ கைதட்டிச் சிரித்தது.

"இத அவங்க முன்னாடி சொல்லுங்க."

"சொல்றேன். ஷாட்டு முடிஞ்சு வந்து சொல்றேன். அன்னிக்கி அவன் எழுந்து சிரிக்கல, அதான் அலையுறான். இன்னிக்கி அதே எடத்துல நான் விழுந்து, எழுந்து சிரிச்சுட்டா முடிஞ்சுரும்லா. நீயும் நிம்மதியா இருக்கலாம்."

மிருகத்தின் தலையை அவர் தலைமேல் இறக்கினேன். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தேன்.

கால்வாய்க்கரையில், விழுவதற்கு முன் அவர் தனேஷிடம் இட்ட கட்டளையை எல்லாரும் கேட்டார்கள். ரப்பர் வாய்க்குள் இருந்து முனகலாகத்தான் வந்தது; கத்திச் சொன்னதால் வார்த்தைகள் புரிந்தன.

"நான் சிரிக்கிற வரைக்கும் நிறுத்தாதே."

தனேஷ் கை காட்டினான். பத்துத் துப்பாக்கிகள் உயர்ந்தன. வெடிச் சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள் என்பதால் பாலன் வாயாலேயே "டப், டப்" என்று சுட்டான். மிருகம் மார்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறி, கால்வாயில் சாய்ந்தது.

தண்ணீர் மூடிக்கொண்டது.

தலை வெளியே வந்தது. கைகள் வந்தன.

இரண்டு கையாலும் உச்சந்தலையில் தட்டினார்.

"நடிப்பப் பாருங்கடா," என்று பாலன் கிசுகிசுத்தான். "நம்மள விட இவரே நல்லா சாவுறாரு."

அந்தச் சைகைக்கு அர்த்தம் தெரிந்தவள் கரையில் நான் ஒருத்திதான். கத்த வாயைத் திறந்தேன்.

அப்போது அவருக்குப் பின்னால் இன்னொரு தலை எழுந்தது.

நான் வேன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மற்ற மூன்று தோல்களும் கம்பியில் தொங்கின. மூன்றும் காலியாக.

தண்ணீரில் இருந்ததன் வலது தோளில் சிவப்பு நூல். முதல் பாகத்தின் போது கறுப்பு நூல் தீர்ந்து, நான் சிவப்பில் முடித்த தையல். அந்தத் தோலைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வரவே இல்லை.

அது தன் இரண்டு கைகளையும் சுகுமாறனின் தலைமேல் வைத்தது. அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தது.

அவர் மறுபடியும் தட்டினார். அந்தக் கைகளின் மேலேயே தட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து வினாடி என்று நினைத்தேன். எண்ணினேன்.

ஐந்துக்குப் பிறகும் எண்ணினேன்.

தண்ணீர் அமைதியானது. சேறு மட்டும் கீழேயிருந்து புகை போலக் கிளம்பியது. தனேஷ் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். அவனுக்கு நான்தான் பக்கத்தில் நின்றேன்.

"ரொம்ப நேரமாச்சேக்கா. நிறுத்தவா?"

"சிரிக்கட்டும்," என்றேன்.

பிறகு பாலன்தான் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் குதித்தான். ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் அந்தக் கனத்தைக் கரையேற்ற நெடுநேரம் ஆனது. முதுகு ஜிப்பை நான்தான் திறந்தேன். உள்ளே இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கால்வாயில் வேறு யாரும் இல்லை. தனேஷ் பதிவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான்; ஒரே ஒரு மிருகம்தான் விழுந்தது, ஒரே ஒரு மிருகம்தான் மூழ்கியது. போலீஸ் கேட்டபோது, அவர் நடிக்கிறார் என்று நினைத்தோம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவர் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அன்றைக்கு நான் ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, படுத்ததும் தூங்கினேன்.

பணம் போட்ட கூட்டாளிகள் படத்தை எப்படியோ ஒட்டி முடித்தார்கள். ரவாங்கில் நான்கு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மதியக் காட்சிக்குப் போனேன். முதல் பாகத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிருகம் ஓடும்போது முதுகில் ஜிப் பளபளத்தது. பாலனின் உடைந்த துப்பாக்கி காட்சிக்குக் காட்சி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. "காசத் திருப்பிக் குடுங்கலா!" என்று பின் வரிசையில் ஒருவன் கத்தினான்.

கால்வாய்க் காட்சி வந்ததும் அரங்கம் அமைதியானது. யாரும் அசையவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது மட்டும் நெசமாட்டம் இருக்குக்கா," என்றாள்.

நான் தலையாட்டினேன்.

போன வாரம் பாலன் கடைக்கு வந்தான். யாரோ மூன்றாம் பாகத்துக்குப் பேசுகிறார்களாம்.

"அந்த ஒரு காட்சிக்காகவே ஆளுங்க தேடித் தேடிப் பாக்குறாங்களாம்க்கா. நீங்க தைப்பீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

"இனிமே நான் தோல் தைக்க மாட்டேன்டா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

இன்று காலை எட்டு மணிக்குக் கடைக் கதவைத் தூக்கினேன். வாசலிலிருந்து தையல் மிசின் வரை தரை ஈரமாக இருந்தது. ஊசிக்குக் கீழே கறுப்பு ரப்பர். நான் வெட்டியதில்லை, வாங்கி வைத்ததுமில்லை. சேற்று வாடை அடித்தது. மிசினிலிருந்து உருவி மேசையில் விரித்து, நாடாவை எடுத்து அளந்தேன்.

தோள் பதினாலரை. இடுப்பு முப்பத்தாறு. உயரம் ஐந்தடி ஒன்று.

படத்தில் நடித்தவர்களில் யாருக்கும் அந்த அளவு கிடையாது. இருபது வருடமாக என் சட்டைகளை நானே வெட்டிக்கொள்ளும் அளவு அது.

தையல் நன்றாகவே இருந்தது. ஒரு கை மட்டும்தான் இன்னும் பாக்கி.