நாடி பார்க்க ஒரு கடிகாரம்

சுருளியம்மாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அவளுடைய அப்பா கன்னையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாலையில் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காலையில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் எங்கோ போய்விட்டது.

"அய்யா, சாப்பிட்டீகளா?"

"ம்."

சட்டியைத் திறந்து பார்த்தாள். அம்மா வைத்துவிட்டுப் போன கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

கன்னையன் ஏலக்காய் மூட்டை சுமந்தவர். போடிநாயக்கனூரை ஒட்டிய மலைச்சரிவில் ஓர் எஸ்டேட் இருந்தது. அதற்கு ஜீப்பு போகாத ஒற்றையடிப் பாதைதான். அங்கே காயை உலர்த்தி மூட்டை கட்டி வைத்திருக்கும் ஸ்டோரிலிருந்து அடிவாரம் வரைக்கும் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். அந்தப் பாதையில் அவருக்குத் தெரியாத கல் கிடையாது.

மாசி மாதம் ஒருநாள், பாதி இறக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பின்னால் வந்த இன்னொரு சுமைக்காரன் சோணை தன் மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, அவரை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினான். அதனால்தான் உயிர் பிழைத்தார்.

"இனிமே சுமை தூக்கக் கூடாது," என்றார் டாக்டர். "ஆனா தினமும் நடக்கணும். கொஞ்சங் கொஞ்சமா மேடு ஏறணும். நடந்தாத்தான் நெஞ்சு பலப்படும்."

"நடக்கிறதைத் தவிர வேற என்னங்கய்யா செஞ்சேன் இத்தனை வருசமா?" என்றார் கன்னையன். "அதுவே வைத்தியம்னா, எனக்கு நோவே வந்திருக்கக் கூடாதே!"

டாக்டர் சிரிக்கவில்லை. கன்னையனின் மணிக்கட்டில் விரலை வைத்து, தன் வாட்சைப் பார்த்தபடி எண்ணினார். சுருளியையும் பக்கத்தில் கூப்பிட்டு அவள் விரலையும் அங்கே வைத்துக் காட்டினார்.

"நடக்கும்போது இதை எண்ணணும் பாப்பா. நிமிஷத்துக்கு நூத்திப் பத்தைத் தாண்டுச்சுன்னா, அந்த இடத்துலயே நிக்கணும். அடுத்த அடி வைக்கக் கூடாது. செகண்டு முள் உள்ள கடிகாரமாப் பார்த்து வாங்கிக்கங்க."

வீட்டில் கடிகாரம் கிடையாது. அம்மா ராமுத்தாய் விடியற்காலையில் போடிமெட்டு ஜீப்பைப் பிடித்து மேலே ஒரு தோட்டத்துக்குக் களை எடுக்கப் போகிறவள். ஜீப்பின் ஆரன்தான் அவளுக்குக் கடிகாரம்.

எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். ஆடி பிறந்தால் காய் எடுப்பு ஆரம்பம். ஸ்டோரில் காய் உலரும்போது கிளறிவிடவும், சூடு பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. 'ஆனா கன்னையன் சொந்தக் காலால ஸ்டோருக்கு ஏறி வரணும். வந்தா வேலை. வராட்டி வேற ஆள் போட்டுருவேன்.'

அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு சுருளியிடம் நேராகவே சொன்னாள்.

"ரெண்டு பேரு சம்பாதிச்சே அரை வயிறு. இப்ப நான் ஒருத்தி. உங்கய்யா ஏறிட்டா நீ பள்ளிக்கூடம் போ. ஏறலையா, ஆடி ஒண்ணாந் தேதி என்கூட ஜீப்புல ஏறு."

சுருளியின் வகுப்பில் இப்படி ஜீப்பில் ஏறிப்போன இரண்டு பிள்ளைகளின் இடம் ஏற்கனவே காலியாக இருந்தது. ஏறிப்போன யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

அம்மா வீட்டில் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியை விற்றாள். அந்தக் காசை முடிந்துகொண்டு அப்பாவும் மகளும் ராக்கையாவின் வாட்சுக் கடைக்குப் போனார்கள்.

ராக்கையா ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். "வாங்கண்ணே! இந்தா, இதப் பாருங்க. இருட்டுல பச்சையா மின்னும்."

கன்னையனின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. கையில் கட்டிப் பார்த்தார்.

"அய்யா, இதுல செகண்டு முள் இல்ல," என்றாள் சுருளி.

"அதுக்கென்ன? மின்னுதுல்ல?" என்றார் ராக்கையா.

"எங்கய்யா இருட்டுல எண்ணப்போறதில்ல மாமா."

ராக்கையா அடுத்ததை எடுத்தார். அதில் செகண்டு முள் இருந்தது. இரண்டு துடிப்பு நகர்ந்து, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது.

"இது ஏன் நிக்குது?"

"பழசு. ஓட ஓடச் சரியாப் போயிரும்."

"எங்கய்யா நெஞ்சும் அப்படித்தான் மாமா. ரெண்டும் சேந்து நின்னு நின்னு போனா, நான் எதைப் பாத்து எண்ண?"

ராக்கையா பூதக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்தார். மூன்றாவதாக ஒரு பொம்பளை வாட்சு வந்தது. முள் நன்றாக ஓடியது. ஆனால் மூட்டை தூக்கிப் பருத்த கன்னையனின் மணிக்கட்டில் அதன் பட்டை பாதிதான் சுற்றியது.

நல்ல ஆம்பிளை வாட்சும் இருந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டுக் கன்னையன் வாசலைப் பார்த்தார்.

அலமாரியின் மூலையில், தலையில் இரண்டு மணி வைத்த மேசைக் கடிகாரம் ஒன்று டிக் டிக் என்று சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன வட்டத்தில் செகண்டு முள் நிற்காமல் சுற்றியது. சுருளி ஒரு கையை அதன் மேலும் ஒரு கையை அப்பாவின் நாடியிலும் வைத்துப் பார்த்தாள்.

"இது."

"டைம்பீஸைத் தூக்கிட்டா மலையேறுவாக?" என்றார் ராக்கையா.

"நான் தூக்கிக்கிறேன்."

மறுநாளிலிருந்து ஸ்டோருக்குப் போகும் பாதையில் அப்பா முன்னால் நடந்தார். சுருளி பள்ளிக்கூடப் பையில் டைம்பீஸைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. சுமையோடு இறங்குகிறவனால் சட்டென்று நிற்க முடியாது. அதனால் ஏறுகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் குரல் கொடுக்க வேண்டும். கன்னையன் முதல் வளைவிலேயே கொடுத்தார்.

"ஆளு வருதே...ய்!"

இன்னொரு வழக்கமும் உண்டு. சுமைக்காரர்கள் சுமைதாங்கிக் கல்லில்தான் மூட்டையை இறக்குவார்கள். பாதையில் மூன்று சுமைதாங்கிகள். அவற்றுக்கு நடுவில் யாரும் நிற்க மாட்டார்கள், உட்கார மாட்டார்கள். நடுவழியில் உட்கார்ந்தவனை ஆயுசுக்கும் கேலி செய்வார்கள்.

கன்னையனின் தலையில் இப்போது மூட்டை இல்லை. அது அவருடைய காலுக்குத் தெரியவில்லை.

"அய்யா, நில்லுங்க! எண்ணணும்."

"சுமைதாங்கி வரட்டும் ஆத்தா."

"டாக்டரு அந்த இடத்துலயே நிக்கச் சொன்னாருல்ல?"

"அவரு மூட்டை தூக்கியிருக்காரா?"

சுமைதாங்கியில் போய் எண்ணினால் நூற்றுப் பத்தை எப்போதோ தாண்டியிருக்கும். உதடு வெளுத்திருக்கும். அதற்கு மேல் ஏற முடியாமல் இறங்கிவிடுவார்கள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. முதல் சுமைதாங்கியைத் தாண்டவே இல்லை.

ஒருநாள் முதல் சுமைதாங்கிக்குக் கீழே, இரண்டாவது வளைவில், சுருளி கெஞ்சிக் கூத்தாடி அவரை நிறுத்திவிட்டாள். டைம்பீஸை மடியில் வைத்து நாடியைப் பிடித்த நேரம், மேலிருந்து சோணையும் இன்னும் சிலரும், ஸ்டோரில் மிச்சமிருந்த போன வருசத்துக் காய் மூட்டையோடு இறங்கினார்கள்.

"என்னண்ணே, கடிகாரத்தை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போறீகளா?" என்றான் சோணை. "குட்டி போட்டா எனக்கு ஒண்ணு குடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சோணை கெட்டவன் இல்லை. அவன் வாய் எப்போதும் அப்படித்தான்.

கன்னையன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தார். சுருளியின் மடியிலிருந்து டைம்பீஸ் நழுவியது. பாறையில் மோதி, உருண்டு, பள்ளத்தில் விழுந்தது. விழும்போது அதன் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. கீழே போகப் போக, கிர்ர்ர் என்று அடித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. கன்னையன் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வா ஆத்தா, வீட்டுக்குப் போவோம்," என்றார்.

அன்றைக்கு அம்மா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பழைய சாக்கை எடுத்து வெட்டி, கோணி ஊசியால் தைக்க ஆரம்பித்தாள். மழையில் வேலை செய்யும்போது தலையிலிருந்து முதுகு வரைக்கும் போட்டுக்கொள்கிற கொங்காணி. ஆனால் அம்மாவினுடையதில் பாதி அளவுதான் இருந்தது.

"யாருக்கும்மா?" என்று சுருளி கேட்கவில்லை. அளவு பார்க்க அம்மா அதைச் சுருளியின் தலையில் வைத்தபோது அவள் அசையாமல் நின்றாள். கன்னையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் சுருளி அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "வாங்கய்யா, நடந்துட்டு வருவோம்."

"கடிகாரம்தான் போச்சே."

"சும்மா வாங்க. இனிமே நான் எப்ப இந்தப் பக்கம் நடக்கப்போறேன்?"

கன்னையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்து வந்தார்.

முதல் வளைவு. "ஆளு வருதே...ய்!" குரல் முழுசாக எழுந்து எதிர்ச்சரிவில் மோதித் திரும்பியது.

இரண்டாவது வளைவு. "ஆளு... வருதே...ய்."

சுருளி நின்றுவிட்டாள். குரல் நடுவில் உடைந்திருந்தது. இந்த உடைசலை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். எப்போது? யோசித்தாள். சுமைதாங்கியில் எண்ணும்போது நூற்றுப் பத்தைத் தாண்டிய நாளெல்லாம், அதற்கு முந்திய வளைவில் அய்யாவின் குரல் இப்படி இரண்டாக வந்திருந்தது. குரல் ஒரே மூச்சில் வந்த இடத்தில் அவர் உதடு ஒருநாளும் வெளுத்ததில்லை. டைம்பீஸ் சொன்னதைத் தொண்டை முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

நில்லுங்கள் என்று சொன்னால் அய்யா நிற்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும். சுருளி பாதையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்ன ஆத்தா?"

"கால் வலிக்குது."

"எந்திரி. நடுவழியில உக்காரக் கூடாது."

"நான் என்ன லோடா தூக்குறேன்? எனக்கு வலிக்குது, உக்காருறேன்."

கன்னையன் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. மெதுவாக அவள் பக்கத்தில் குந்தினார். சுருளி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா பிடிப்பதுபோலத்தான் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி மிரண்ட மாடு மாதிரி ஓடியது. கொஞ்ச நேரத்தில் நடைக்கு வந்தது.

"கூப்பிடுங்கய்யா."

"ஆளு வருதே...ய்!" முழுசாக வந்தது.

"கால் வலி போயிருச்சு. வாங்க," என்று எழுந்தாள்.

அன்று இரண்டாவது சுமைதாங்கி வரை ஏறினார்கள். வழியில் அவளுக்கு இன்னும் பல முறை கால் வலித்தது. அப்படி ஒருமுறை உட்கார்ந்திருந்தபோது சோணை எதிரே வந்துவிட்டான்.

"என்னண்ணே, நடுவழியில..." என்று ஆரம்பித்தான்.

"பிள்ளைக்குக் கால் வலிக்குதாம்ப்பா," என்றார் கன்னையன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சோணை சுருளியைப் பார்த்தான். அவள் விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்தான். மூட்டைக்கடியில் அவன் முகம் மாறியது.

"ஆமாண்ணே, சின்னக் காலுல்ல," என்று சொல்லிவிட்டு, ஒதுங்கி இறங்கினான்.

ஆடிக்கு முதல் நாள் சாரல் அடித்தது. மூன்றாவது சுமைதாங்கியைத் தாண்டி, வழுக்குகிற பாதையில், உட்கார்ந்தும் ஏறியும், உட்கார்ந்தும் ஏறியும் போனார்கள். அதற்குள் மற்றவர்கள் மூன்று முறை போய்வந்திருப்பார்கள். ஸ்டோரின் தகரக் கூரை தெரிந்தபோது கன்னையன் கூப்பிட்டார். குரல் உடையவில்லை.

கணக்கப்பிள்ளை குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "வந்துட்டியா? சரி, நாளைக்கு வந்துரு. சுமைக்கூலியில பாதிதான் தருவேன்."

"சரிங்க," என்றார் கன்னையன். பாதி என்பது பாதிதான். அந்த நெஞ்சு இனி முன்னைப்போல ஆகாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். கன்னையன் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினார். சுருளி மட்டும் கல்லுக்குக் கல் தாவித் தாவி இறங்கினாள்.

அன்று மாலை அவள் அடிவாரத்தில் காத்திருந்து, சோணை தனியாக வந்தபோது அவனிடம் போனாள். "சோணைச் சித்தப்பா, நாளையிலயிருந்து நான் பள்ளிக்கூடம். அய்யா கூப்பிடும்போது குரல் உடைஞ்சா..."

"போ கழுதை. எனக்குத் தெரியும்," என்றான் சோணை.

ஆடி ஒன்றாம் தேதி ஜீப்பு ஆரன் அடித்தது. அம்மா மட்டும் ஏறினாள். சுருளி அந்தக் குட்டிக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

வார முடிவில் ஒருநாள் கன்னையன் வீட்டுக்குள் நுழையும்போதே சலித்துக்கொண்டார்.

"இந்தச் சோணைப் பயலுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. ஏறும்போது வளைவுக்கு வளைவு கால் வலிக்குதுன்னு உக்காந்துக்கிறான். சுமை தூக்குறவன்னு வெளிய சொல்லிக்கிறாதடான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவனைத் தனியா விட்டுட்டா போக முடியும்? நானும் கூட உக்காந்தேன்."

"பாவம்ய்யா, அவருக்கு நெசமாவே வலிக்கும்," என்றாள் சுருளி.

கன்னையன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருடைய மீசை லேசாக அசைந்தது. தூக்குச்சட்டியை அவளிடம் நீட்டிவிட்டுக் கால் கழுவப் போனார்.

சுருளி சட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.