காய்ச்சாத தஃப்

“தஃப்பை நெருப்புல காட்டுனியா, இல்லையா?” என்று உம்மு ஷவ்கி என்னிடம் கேட்டாள்.

“காட்டுனேன்,” என்றேன்.

பொய்.

கெய்ரோவில், எங்கள் தெருமுனையில் இருந்த அவளுடைய மாடியறைக்கு அன்று மதியம்தான் விதாத் அக்காவை அழைத்துப் போயிருந்தேன். அவள் குழந்தை இறந்து நாற்பது நாள். அக்கா பேசவில்லை, தூங்கவுமில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்,” என்று ரம்ஸி மச்சான் சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அக்காவைத் தவிர பேச்சுத்துணை கிடையாது.

ஆவியை வரவழைத்து இறக்கும் ஸார் சடங்கில் நோயாளிதான் மணப்பெண், ஏறும் ஆவி மாப்பிள்ளை. அக்காவுக்கு வெள்ளை உடுத்தினார்கள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. சடங்கை நடத்தும் உம்மு ஷவ்கி தஃப் பறையில் ஒவ்வொரு தாளமாக அடித்துப் பார்த்தாள். நான்காவது தாளத்தில் அக்காவின் தோள் துடித்தது.

“வந்துட்டாருடி மாப்பிள்ளை! நாலு அடி அடிக்க வச்சுட்டுதான் வர்றாரு, திமிரு புடிச்சவரு,” என்று அவள் சிரித்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள். “அவளா விழுற வரைக்கும் தாளம் நிக்கக் கூடாது. நடுவுல நின்னா, ஏறுனவரு இறங்க மாட்டாரு. தோல் தளர்ந்தா மாத்திக்குவேன். நீ மத்ததைக் காய்ச்சிக் கொடுத்துக்கிட்டே இரு.”

இரண்டு தஃப்கள். ஒன்று அவள் கையில், ஒன்று என் கரியடுப்பின் மேல். அந்த அதிர்வு தரையில் ஓடி என் முழங்கால் வரை ஏறியது.

அக்கா ஆடினாள். தலை சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. வெள்ளை உடுப்பில் ரத்தம் சொட்டியது. கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

என்னால் பார்க்க முடியவில்லை. தஃப்பை நெருப்பிலிருந்து தள்ளி, தோல் தளரட்டும் என்று ஈரத் துணிமேல் வைத்தேன். அதையே நீட்டினேன்.

ஒரே அடி. தொப்பென்றது.

தாளம் நின்றது.

அக்கா விழவில்லை.

மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். “வீட்டுக்குப் போகலாமா?”

அப்போதுதான் உம்மு ஷவ்கி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வீட்டில் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, என் பொண்டாட்டி மறுபடி முலூக்கியாக் கீரை வைக்கிறா!” அக்கா சமைத்தாள், சிரித்தாள், தூங்கினாள். மூன்றாம் நாள் குழந்தையின் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

“இது யாரோடது?”

அன்று அவள் தூங்கும்போது முதுகில் காது வைத்தேன்.

இதயத்துடிப்பு கேட்கவில்லை.

நான்காவது தாளம் கேட்டது.

உம்மு ஷவ்கியிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. “மூணு நாளா வாயில என்னத்தடி வச்சிருந்த?” என்று மட்டும் கேட்டாள். காய்ச்சிய தஃப்போடு உடனே கிளம்பினாள். “விட்ட இடத்துலேருந்து அடிக்கிறேன். அவ விழுந்துட்டா, உன் அக்கா உனக்கு.”

பட்டப்பகல். கூடத்தில் நல்ல வெயில். அக்கா தேநீர் கொடுத்தாள். உம்மு ஷவ்கி அடித்தாள்.

அக்கா எழவில்லை.

சற்று நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கை நீட்டி தஃப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வாழ்நாளில் தஃப்பைத் தொட்டதில்லை.

அவள் அடித்தது நாங்கள் கேட்டிராத தாளம்.

உம்மு ஷவ்கியின் தோள் துடித்தது.

“வேணாம்மா...” என்றாள். கண்கள் செருகின. எழுந்தாள். கிண்ணங்கள் உருள ஆடினாள். முழங்கால் மடிந்து விழப்போனாள்.

அக்கா தஃப்பின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

தாளம் நின்றது.

உம்மு ஷவ்கி விழவில்லை. நிமிர்ந்தாள். செருப்பையும் தஃப்பையும் மறந்து, எங்கள் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.