தூளியின் எடை

"வெறும் தூளிய ஆட்டுனீங்களா இல்லியா? அத மட்டும்..."

"ஆட்டாம எப்டி டெஸ்ட் பண்றது அபி? எடை ஒழுங்கா காட்டுதான்னு..."

"ஒரு துணி மூட்டையாவது போட்டு ஆட்டக்கூடாதா? வெறும் தூளிய ஆட்டுனா, நமக்குன்னு வச்ச எடம்னு எதுனா வந்து படுத்துக்கும்."

"படுத்துக்கட்டுமே. வாடகை வாங்கிக்கலாம்."

"மொதல்ல வாயக் கழுவுங்க!" அபிநயா ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

குரு சிரித்தபடியே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். வீட்டிலிருந்தே வேலை. காதை அடைத்துக்கொண்டால் உள்ளறையில் பாப்பா சிணுங்குவது கேட்காது. அதற்காகத்தான் பட்டுநூல் கடையில் கழித்துப் போட்ட எலக்ட்ரானிக் தொங்கு தராசை வாங்கிவந்து, உத்திரத்துக் கொக்கிக்கும் தூளிக்கும் நடுவே மாட்டி, லேப்டாப்புக்கு ஒயர் இழுத்திருந்தான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாலேயே வரைபடம். எடைக்கு ஏற்ற நீளத்தில் வரிவரியாக நட்சத்திரக் குறிகள். பாப்பா அசையாமல் தூங்கினால் எல்லா வரியும் ஒரே நீளம். தூளி ஆடினால் வரிகள் நீண்டும் குறுகியும் அலையலையாக இறங்கும். தூளி காலியானால் வரிக்கு ஒரே ஒரு குறி.

உச்சி வெயில் தெருவை அடக்கிப் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தறி சாப்பாட்டுக்கு நின்றிருக்க, பழைய சேலையின் வாசனையும் பால் வாசனையும் கலந்து உள்ளறையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தன. அப்போது திரையில் அலை எழுந்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். தூளி ஆடவில்லை. உள்ளே பாப்பா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையாலும் துணியைச் சற்று நேரம் அசையாமல் பிடித்திருந்துவிட்டுத் திரும்பிவந்தான்.

அவன் பிடித்திருந்த நேரத்து வரிகளிலும் அலை. அங்கேதான் பெரிய அலை.

ஹெட்செட்டைக் கழற்றினான். உள்ளே கொக்கி முனகியது. நிதானமாக, யாரோ தாலாட்டுவதுபோல.

பாப்பா உள்ளே இருக்கிறாள். ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வரவேண்டும். கால் எழவில்லை.

"அபி! கீழ வா! பாப்பாவத் தூக்கு!"

"அழுவுறாளா?"

"தூக்கு, சொல்றேன்!"

படியில் தடதடவென்று காலடி. அவனைத் தாண்டி உள்ளே போனாள். குரு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது வரி சுருங்கும். ஒரே குறியாகும்.

"தூக்கிட்டேங்க. நல்ல தூக்கம், முழிக்கவே இல்ல."

வரி சுருங்கவில்லை.

அடுத்த வரி. அதே நீளம்.

அதற்கடுத்தது. ஒரு குறிகூடக் குறையவில்லை. தராசு சிக்கிக்கொண்டதா? தலையை நிமிர்த்தினான்.

உள்ளறை வாசற்படியில் அபிநயா. தோளில் துண்டு சுற்றிய குழந்தை. முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் தூளி. காலியான துணி தொய்ந்து தொங்கவில்லை. கனத்து, இழுபட்டு நின்றது. அடியில் துணியை உள்ளிருந்து அழுத்திக்கொண்டு ஒரு சின்னக் குதிகால். தூளி ஆடத் தொடங்கியது.

அபிநயாவின் கை தட்டுவதை நிறுத்தியது. தோளில் கிடந்ததை ஒரு முறை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

"அபி... உன் தோள்ல கனம் தெரியுதா?"