செவ்வாய்க்கு ஐந்து ஆள்

அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் செவ்வாய் கிரகம் கொள்ளிடத்து மணலில் வந்து இறங்கியது. மூன்று லாரிகளில்.

சென்னைப் படக் கம்பெனி ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஆளரவமற்ற இடமாகப் பார்த்துச் செம்மண்ணைக் கொட்டி நிரவியது. அட்டையில் மலை செய்து நிறுத்தினார்கள். காகிதக் கூழில் பாறை. தெற்கே திரும்பினால் கோபுரம் தெரிந்துவிடும் என்பதால் கேமரா வடக்கை மட்டுமே பார்த்தது.

"கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செம்மண் எதுக்கு சார்?" என்று கேட்டான் பிச்சைமுத்து.

"நடிக்கிறவனுக்கு ஃபீலிங் வரணும்லய்யா" என்றார் மேனேஜர் ரங்கசாமி.

"எங்க வரும்? தலையிலதான் அண்டாவைக் கவுத்து வெச்சிருக்கீங்களே."

அண்டா என்பது பொய்யில்லை. அலுமினிய அண்டாவில் முகத்துக்கு நேராக ஓட்டை போட்டுக் கறுப்புக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே, தென்னூர் தையல்காரர் கியாசுதீன் கூடாரத் துணியில் தைத்து வெள்ளிப் பெயிண்ட் அடித்த உடுப்பு. ஐந்து விஞ்ஞானிகள், ஐந்து உடுப்பு. கதாநாயகன் வெயிலுக்கு வரமாட்டார். தூரத்துக் காட்சிகளில் உடுப்புக்குள் நடக்க ஐந்து ஆள் வேண்டும். அதற்குத்தான் பிச்சைமுத்து.

கொள்ளிடத்து வடகரையில் குடியிருந்தாலும் மணப்பாறைச் சந்தையில் அவன் மாட்டுத் தரகன். சந்தை கூடாத நாளில் கட்சி ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பான். இரண்டும் ஒரே தொழில்தான், மாட்டுக்கு மட்டும் பல்லைப் பார்க்க வேண்டும் என்பான். பேரத்தை வாயால் பேசுகிற வழக்கம் அவனுக்கில்லை. தோள் துண்டை விரித்தால் அதற்குள் இரண்டு கைகள் பேசும். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. மணிக்கட்டைத் திருகினால் மாற்று: விற்ற மாட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதே தொழுவத்திலிருந்து வேறொன்றை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். மேனேஜர் இதை ஒரே காலையில் கற்றுக்கொண்டு, காபிக்குக்கூடத் துண்டுக்குள் கையை விட ஆரம்பித்திருந்தார்.

ஐந்து பேரில் நான்கு பேர் வாழைத்தார் சுமக்கிறவர்கள். ஐந்தாவது ஆள் காத்தான், தை மாதம்தான் பிச்சைமுத்துவின் மகள் வீராயிக்குத் தாலி கட்டியவன். "மாப்ளேயும் வரட்டும், சினிமா பார்த்த மாதிரி இருக்கும்" என்று பிச்சைமுத்துவே அழைத்து வந்திருந்தான்.

கம்பெனிக்குத் தண்ணீர் சுமந்த பாப்பாயி, மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டே அட்டை மலையைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் நாங்க தோண்ட மாட்டோம். அங்க தண்ணி வராது. கைதான் வரும்."

"வந்தா நல்லதுதானே. குடத்தைத் தூக்கி விடும்" என்றான் பிச்சைமுத்து.

பாப்பாயி குடத்தை இந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

உச்சி வெயில். ஓலைப் பந்தலில் பிச்சைமுத்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். மணல் அனலாய்க் கொதித்தது. காற்று நின்றிருந்தது. எங்கிருந்தோ சேற்று வாடை வந்தது, வருஷக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தது போல.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்.

துண்டை விலக்கிப் பார்த்தான். வெள்ளி உடுப்பு. தலையில் அண்டா. ஆள் குறைந்தால் நானே மாட்டிக்கொள்வேன் என்று மேனேஜர் காலையில் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

"என்ன மேனேஜர் சார், நீங்களும் செவ்வாய்க்குக் கெளம்பிட்டீங்களா?"

கறுப்புக் கண்ணாடியில் பிச்சைமுத்துவின் முகம்கூடத் தெரியவில்லை. மடியில் கிடந்த துண்டுக்குள் ஒரு கை நுழைந்தது.

ஈரமாக இருந்தது. அந்த வெயிலில், பனிக்கட்டி போல.

வேர்வை என்று நினைத்தான். அந்தக் கை அவனுடைய ஒரு விரலைப் பிடித்தது. ஒரு ஆள். ராத்திரி வேலைக்கு ஒருவனை நிறுத்திக்கொள்ளக் கேட்கிறார் போலும். ஒன்று கேட்கிறவனிடம் ஒன்றைக் கொடுத்தால் அவன் தரகனா? ஐந்தில் ஆரம்பித்தால்தான் இரண்டு மூன்றிலாவது வந்து நிற்கும். பிச்சைமுத்து அந்தக் கையின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான்.

உள்ளங்கையில் ஒரு தட்டு விழுந்தது.

பேரமே இல்லை. முதல் சொல்லிலேயே முடிந்தது.

சொன்னதை அப்படியே ஒருவன் வாங்குகிறான் என்றால், விற்றவனுக்குத் தன் சரக்கின் விலை தெரியவில்லை என்று அர்த்தம்.

"தரகரே! தூங்குறீரா?"

லாரிப் பக்கமிருந்து ரங்கசாமி வந்தார். வேட்டி, வெற்றிலை போட்ட வாய்.

பிச்சைமுத்து பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மணலில் உட்கார்ந்த தடம் மட்டும், நனைந்து.

"சார்... உடுப்பு மொத்தம் எத்தனை?"

"அஞ்சுதான். அதோ நடக்குதே."

செம்மண்ணில் ஐந்து வெள்ளி உருவங்கள் அட்டை மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போனவன் முழங்கால் வரை இறங்கினான்.

"பிரமாதம்!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார் டைரக்டர். "சொல்லாமலே செய்றான் பாரு!"

இரண்டாவது ஆள் இடுப்பு வரை. மூன்றாவது ஆள் அவனைத் தூக்கப் போய், அவனோடு சேர்ந்து. கைகள் காற்றில் துழாவின. அண்டாவுக்குள் அவர்கள் அலறியிருப்பார்கள். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

"இன்னும் துடி! கையைத் தூக்கு! அப்படித்தான்!"

நான்காவது அண்டா மணலுக்குள் போனபோதுதான் கேமராக்காரன் கண்ணை எடுத்தான்.

பிச்சைமுத்து ஓடினான். காத்தானின் ஒரு கை மட்டும் மேலே நின்றது. வேர்வையில் வழுக்கிய அந்தக் கையைத் துண்டைப் போட்டுப் பிடித்தான். துண்டுக்குள் மாப்பிள்ளையின் கை சுட்டது.

அதன் பக்கத்தில் இன்னொரு கை. ஈரமாக.

பிச்சைமுத்து நான்கு விரலைப் பிடித்தான். நாலோட விடு. அது ஐந்தையும் பிடித்தது. மறுபடி நான்கு. மறுபடி ஐந்து. காத்தானின் சூடு குறைந்துகொண்டே வந்தது. வேறு வழி தெரியாமல் பிச்சைமுத்து அந்த மணிக்கட்டைத் திருகினான்.

மாற்று.

அது யோசிப்பது போல் சற்று நின்றது. பிறகு தட்டியது.

பயந்தாலும் அவன் தரகன்தான். பண்ணையார்களுக்கே கிழட்டு மாட்டைக் கட்டிவிட்டவன். மாற்றைக் கொடுக்காமலே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டால், மணலுக்குள் கிடக்கிறது எங்கே தேடிக்கொண்டு வரப்போகிறது?

காத்தான் வேரோடு பிடுங்கிய செடி போல மேலே வந்தான்.

மற்ற நான்கு பேரையும் பொழுது சாயும்வரை தோண்டினார்கள். ஆள் ஆழத்துக்குக் கீழே கெட்டி மண்தான் இருந்தது. ஒரு வெள்ளித் துணிகூடக் கிடைக்கவில்லை. புதைமணல் என்று எழுதிக்கொண்டு போலீஸ் போனது. "அஞ்சாவது ஆளையும் விட்டிருந்தா ஷாட் முழுசா வந்திருக்கும்" என்று டைரக்டர் சொன்னதாக மேனேஜர் சொன்னார். படம் வந்தபோது அந்தக் காட்சிக்குத்தான் கொட்டகையில் விசில் பறந்தது.

பிச்சைமுத்து மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஜீயபுரத்துக்குக் குடி போனான். நடுவில் கொள்ளிடம், ஸ்ரீரங்கம், காவிரி. போதாதா? போதும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தான். ஊற்றுத் தண்ணீர் குடிப்பதை விட்டான். வீராயியை ஆற்றங்கரைக்கே போகவிடவில்லை.

"ஏம்ப்பா, ஊரே அங்கதான் துவைக்குது. எனக்கு மட்டும் என்ன கிணத்தடி?"

"சொன்னாக் கேளு தாயி."

அடுத்த வருஷக் கத்திரியில் ஒரு நாள் மத்தியானம் மாமனும் மருமகனும் கூடத்து மண் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. உள்ளே வீராயி சோறு போடும் சத்தம்.

"நீங்க அன்னிக்குக் கையப் பிடிக்கலேன்னா நான் இல்ல மாமா" என்றான் காத்தான். "மண்ணுக்குள்ள போனதும் உங்க கை மாதிரியே இன்னொண்ணும் பிடிச்சுது. அதையும் நீங்கதான்னு நெனச்சேன்."

சேற்று வாடை வந்தது.

மடியில் கிடந்த துண்டுக்குள் ஒரு கை அவன் விரலைப் பிடித்தது. ஒரே ஒரு விரல்.

"வெளையாடாதீங்க மாப்ளே."

"என்ன மாமா?"

கையை உருவப் பார்த்தான். வரவில்லை. வீராயி தட்டோடு வந்தாள். "சாப்பிடற நேரத்துல என்ன பேரம் ரெண்டு பேருக்கும்?" என்று சிரித்தபடி குனிந்து நீட்டினாள். காத்தான் நிமிர்ந்து அதை வாங்கினான்.

இரண்டு கையாலும் வாங்கினான்.

துண்டுக்குள் இருந்த கை விரலை விட்டது. பிச்சைமுத்துவின் உள்ளங்கையில் மெதுவாக ஒரு தட்டு.

வீராயி ஒரு காலைத் தூக்கி வைத்து, தரையைப் பார்த்தாள்.

"என்னப்பா இது, நிக்கிற எடம் இப்படிச் சொதசொதங்குது?"