அவள் விழாத படங்கள்

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

செத்துக் கிடந்தவனின் சட்டைப்பையில்!

வெளியே மத்தியான வெயில். உள்ளே, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்த ஸ்டூடியோவில் கும்மிருட்டு. ஏட்டு சுவரைத் தடவி விளக்கைப் போட்டார்.

போட்டோகிராபர் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில், கல் மாதிரி கனத்த ஒரு பழைய லென்ஸ். அதன் விளிம்பிலும் ரத்தம்! தரையில் அணைந்துபோன டார்ச். எதிரே ஸ்டாண்டில் கேமரா.

வாசலில் அவன் மனைவி. போலீசைக் கூப்பிட்டது அவள்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்.

"அண்ணே! லென்ஸ் எப்படி? முகம் நல்லா விழுந்துச்சா?"

"குப்புற விழுந்திருக்கு. நீ யாருய்யா?"

"லென்ஸ்... லென்ஸ் மெக்கானிக் சார்..."

"உடனே கிளம்பி வா."

வந்தான். பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

மனைவி பாய்ந்து வந்தாள்.

"இவன்தான் சார்! ஒரு வாரமா ரெண்டு பேரும் போன்ல குசுகுசுன்னு ஏதோ தகராறு. நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள... அந்த லென்ஸ்ல இவன் கைரேகைதான் இருக்கும், பாருங்க!"

"இருக்கும் அண்ணி. இங்க இருக்கற எல்லா லென்ஸ்லயும் இருக்கும். கழட்டி மாட்டுறதே என் பொழப்பு!"

"காலையிலேர்ந்து எங்கே இருந்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடையில சார். தனியா."

"தனியாவா? ரொம்ப வசதி! ஏட்டய்யா, சாரை வண்டியில ஏத்துங்க."

மெக்கானிக்கின் கண் அப்போதுதான் ஸ்டாண்டில் விழுந்தது.

"சார்... ஒரு நிமிஷம்! கேமராவுல நான் குடுத்த லென்ஸ் மாட்டியிருக்கு. படம் எடுத்திருக்காரு!"

"இந்த இருட்டுல என்னத்தை எடுக்கறது? பேயையா?"

"வெளிச்சத்தை சார்! இருட்டுல கேமராவை அஞ்சு பத்து நிமிஷம் திறந்து வெச்சிடுவாரு, அப்புறம் அதுவே மூடிக்கும். அண்ணி கறுப்பு டிரெஸ்ல டார்ச்சை ஆட்டிக்கிட்டே சுத்துவாங்க. வெளிச்சம் மட்டும் கோடு கோடா பதியும். நகர்ந்துக்கிட்டே இருக்கறதால அண்ணி தெரியவே மாட்டாங்க."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு படத்துலகூட நான் விழுந்ததில்லை சார்," என்றாள் அவள். குரலில் பெருமை. அதற்கு அடியில் ஏதோ ஒரு காயம்...

ஏட்டு கேமராவைத் தட்டினார். திரை ஒளிர்ந்தது.

தங்க நிறத்தில் வெளிச்சக் கோடுகள்... ஓரங்களில் எல்லாம் சுழலாய்ச் சுற்றிக் கரைந்துகொண்டு...

நடுவில் மட்டும் துல்லியமாய் ஒரு பெண்!

தரையில் கிடந்தவனின் தலையில் கை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உருண்டு கிடந்த டார்ச்சின் வெளிச்சம் நேராக அவள் முகத்தில். கன்னத்துக் கண்ணீர்கூடத் தெரிந்தது!

"அண்ணி... நீங்களா?"

அவள் சுவரோடு சரிந்தாள்.

"ஒத்திகைன்னுதான்டா சொன்னாரு! கேமரா திறந்திருக்குன்னு எனக்குத் தெரியாது... அடிச்சதும் ஓடியிருப்பேன். அவரை விட்டுட்டுப் போகக் கால் வரலையே!"

"எதுக்கும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"போன்ல இவன்கிட்ட சொன்னாரு சார்... 'அவ முகம் மட்டும் பளிச்சுன்னு விழணும், மத்ததெல்லாம் கரையணும், வீட்ல தெரியக் கூடாது'ன்னு. என்னை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எவ முகத்துக்கோ தனி லென்ஸ்! இன்னிக்கு என்னை நடுவுல நிறுத்தி, 'ஒத்திகை, அசையாதே'ன்னு டார்ச்சோட அவரே என்னைச் சுத்தி வந்தாரு. அவளுக்கு அளவு பார்க்க நான் நிக்கணுமா? முதுகைக் காட்டினாரு. மேஜையில லென்ஸ் இருந்துச்சு..."

மெக்கானிக் கதறிவிட்டான்.

"அய்யோ அண்ணி! கேமராவுல இருக்கற லென்ஸோட முன்கண்ணாடியைத் திருப்பிப் போட்டு, நடு மட்டும் பளிச்சுன்னு விழற மாதிரி நான் செஞ்சதே உங்களுக்காகத்தான்! நாளைக்கு உங்க கல்யாண நாளாமே... உங்களையே சுத்தி வெளிச்சம் வரைஞ்சு, படத்தைக் கையில குடுத்து, அப்புறம்தான் சொல்லுவேன்னாரு!"



அவள் எழுந்தாள். கேமராவின் அருகே போய்த் திரையையே வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை.

பிறகு, இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்காரு சார்... நான்தான் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்!"